பத்து நிமிட மௌனத்தை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் சியாட்டில் நகரத்து கிரஞ்ச் இசை, அதாவது கிதார் இரைச்சல் தூக்கலான ராக் இசை, பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க நிர்வாணா குழுவுக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. குழுவின் பாடகரும் கிதார்காரருமான கர்ட் கோபேனின் ஊர் ஆபர்டீன், 1989-ல் வந்த முதல் ஆல்பத்தைப் பதிய ஆன செலவு 606 டாலர் சொச்சம், இரண்டாவது ஆல்பமான 'நெவர்மைண்ட்' 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது என்று எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். கடைசிப் பத்தியில்தான் எனக்கு வழக்கு.

'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் கடைசியில் ஒளித்து வைத்த 'எண்ட்லெஸ், நேம்லெஸ்' வெறும் வாத்திய இரைச்சல், அபசுரக் குப்பை, காசு கொடுத்து வாங்கிய ரசிகனை முட்டாளாக்கிய வேலை என்று நாலு வரியில் முடித்துவிட்டார். கேட்டவர்கள் எல்லாரும் ஏமாந்ததாகவும் எழுதியிருக்கிறார். கேட்டவர்களில் நானும் ஒருவன். கேட்டது மட்டுமில்லை, இன்னும் பத்துப் பேரைக் கேட்கவும் வைத்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன். கடிதம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பகுதி பகுதியாக வெட்டிப் போட்டாலும் சரி, ஆனால் அந்த மௌனம் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

1990-லிருந்து எட்டு வருஷம் திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்ன கடை என்றே தெரியாது. பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட்டில் பதிந்து கொடுப்போம். இசைத்தட்டு, கேசட், அப்புறம் சிடி என்று எதிலிருந்து வேண்டுமானாலும் எடுப்போம். ஒரு கேசட்டில் எத்தனை நிமிடம் இருக்கிறது, எந்தப் பாட்டை எந்தப் பக்கம் போட்டால் பாதியில் வெட்டாது என்று கணக்குப் போடுவதுதான் தொழிலே. மிச்சம் இரண்டு நிமிடம் இருந்தால் அதிலும் ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிக் கொடுப்போம். வெறும் நாடாவைக் கொடுத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

1993-ஆம் வருஷம். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தெருவில் அடைத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பொறியியல் படிக்கும் பையன் ஒருவன் சட்டைக்குள் வைத்து ஒரு சிடி கொண்டுவந்தான்.

"அண்ணே, இத அப்படியே கேசட்ல எடுத்துக் குடுங்க. கீறல் விழாமப் பாத்துக்கங்கண்ணே, அமெரிக்கால இருந்து அண்ணன் அனுப்புனது."

பிளேயரில் போட்டால் 12 பாட்டு, 59 நிமிடம் சொச்சம் என்று காட்டியது. டிடிகே 60 நிமிடக் கேசட் ஒன்றை எடுத்தேன். முதல் எட்டுப் பாட்டும் சேர்ந்து 29 நிமிடம் சொச்சம், ஏ பக்கத்துக்குக் கச்சிதம். மிச்சம் நாலு பாட்டு பி பக்கம். நாலு பாட்டுக்கு எப்படி அரை மணி என்று பார்த்தால், கடைசிப் பாட்டு மட்டும் 20 நிமிடம் 35 விநாடி. சரி, ஏதோ பெரிய கச்சேரி மாதிரி போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசிப் பாட்டு 'சம்திங் இன் தி வே'. கேட்டவர்களுக்குத் தெரியும், ஆல்பத்திலேயே சத்தம் குறைந்தது அதுதான். மனுஷன் முணுமுணுக்கிறார், ஒரு கிதார், பின்னால் செலோ. பதிவாகும் ஒலி அளவைக் காட்டுகிற லெவல் விளக்குகள், அதுவரை ஏறி ஏறி அடித்துக்கொண்டிருந்தவை, கீழே படுத்துவிட்டன. பதிவில் நாடாவின் இரைச்சல்தான் தூக்கலாகத் தெரியுமே என்று நான் லெவலைத் தாராளமாக ஏற்றி வைத்தேன். தொழில் தெரிந்தவன் எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

நாலு நிமிடம் ஆவதற்குள் பாட்டு அடங்கிவிட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. பிளேயரில் நிமிடம் மட்டும் ஓடுகிறது: 5, 6, 7. ஸ்பீக்கரில் காதை வைத்தால் நாடாவின் "ஸ்ஸ்ஸ்" மட்டும். சிடி கெட்டுப்போயிருக்கிறது, அல்லது நம் பிளேயர் மக்கர் பண்ணுகிறது என்று முடிவு கட்டினேன். நிறுத்திவிட்டு மிச்சமுள்ள பதினைந்து நிமிடத்துக்கு அதே சிடியிலிருந்து நல்லதாக மூன்று பாட்டைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று பொத்தானுக்குக் கையும் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து முன்னாடி கல்லாவிலிருந்து பாய் கூப்பிட்டார். கடை முதலாளி அவர். பெரியவர் ஒருவர் சீர்காழியின் பக்திப் பாட்டு கேட்டு வந்திருந்தார், அவருக்கு லிஸ்ட் எழுத ஆள் வேண்டும். பதிந்துகொண்டிருந்த கேசட் டெக்கை அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

பெரியவர் நாலாவது பாட்டின் முதலடியை யோசித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு சத்தம். தகர ஷெட்டின் மேல் லாரி ஏறியது மாதிரி. ஷெல்ஃபில் இருந்த காலி கேசட் டப்பாக்கள் கடகடவென்று ஆடின. பாய் எழுந்தேவிட்டார்.

"என்னடா, ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சா?"

பெரியவர்தான் சமயோசிதக்காரர். "தம்பி, மிஷின் எரியப் போவுது, மொதல்ல பிளக்கப் புடுங்கு" என்றார்.

ஓடிப் போய்ப் பார்த்தால் லெவல் விளக்குகள் அத்தனையும் சிவப்பில் நிற்கின்றன, இறங்கவே இல்லை. மெல்லிய பாட்டுக்கென்று நான் ஏற்றி வைத்த லெவலில் இந்தப் பிரளயம் வந்து விழுந்திருக்கிறது. லெவலைக் குறைக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. மிஷின் எரிந்தால் இப்படி எரியாது. இதற்குள் ஒரு டிரம்ஸ் இருக்கிறது, அது தாளம் தப்பாமல் அடிக்கிறது. அடியில் பேஸ் கிதார் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நடுவில் கொஞ்சம் அடங்குகிறது, மூச்சு வாங்குகிறது, மறுபடி எழும்புகிறது. யாரோ கத்துகிறார்கள், என்ன சொல் என்று பிடிபடவில்லை. கிட்டத்தட்ட ஏழு நிமிடம் அப்படியே நின்றேன். முடிவுப் பக்கம் மரம் முறிகிற மாதிரி சத்தங்கள் வந்து, சட்டென்று நின்றுவிட்டது. நாடாவில் மிச்சம் ஒரு நிமிடம்கூட இல்லை.

உங்கள் கட்டுரையாளர் இதை வாத்தியம் மட்டும் என்று எழுதியதில் எனக்குப் பெரிய குறையில்லை. குரல் இருக்கிறது, ஆனால் சொல்லாக இல்லை, இன்னொரு கிதாராக இருக்கிறது. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் பையன் வந்தான். "தம்பி, உன் சிடி கடைசியில கோளாறுப்பா" என்றேன். அவனுக்கும் விஷயம் தெரியாது. இரண்டு மாதமாக அந்த சிடி அவன் கையில் இருக்கிறது. கடைசிப் பாட்டு அடங்கியதும் எழுந்து போய் நிறுத்திவிடுவானாம், எல்லாரையும் போல. கேசட்டை ஓட்டிச் சத்தம் வருகிற இடத்தில் வைத்துக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டான், முகம் சுருங்கிவிட்டது. "காப்பி பண்ணுனதுல போச்சாண்ணே?" என்றான். அவ்வளவுதான் அவனுடைய முதல் விமர்சனம்.

மறுநாள் நாலு பேராக வந்தார்கள். அதில் சுருட்டை முடிக்காரன் ஒருவன் ஓட்டிக் காட்டக் கூடாது, கடைசிப் பாட்டின் ஆரம்பத்திலிருந்து அப்படியே விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். மத்தியானம், பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்து பேரும் உட்கார்ந்தோம்.

பாட்டு முடிந்தது. மௌனம் ஆரம்பித்தது. முதல் இரண்டு நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாவது நிமிடம் ஒருவன் பரீட்சை பற்றிப் பேச ஆரம்பித்தான், சுருட்டை முடி அவனை அதட்டினான். அப்புறம் வெளிச் சத்தம் எல்லாம் உள்ளே வர ஆரம்பித்தது. டவுன் பஸ் ஹாரன், பக்கத்துக் கடைத் தையல் மிஷின், தலைக்கு மேல் ஃபேன் இறக்கை எங்கேயோ உரசுகிற சத்தம். எட்டு வருஷம் வேலை பார்த்த கடையில் அந்த ஃபேன் உரசுவதை நான் கேட்டது அன்றைக்குத்தான். சத்தம் வரப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும், எத்தனை நிமிடத்தில் என்றும் தெரியும். தெரிந்தும் அது வந்து விழுந்தபோது ஐந்து பேரையும் தூக்கிவாரிப் போட்டது.

ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனவன் திரும்பி வரவே இல்லை. சிடிக்குச் சொந்தக்காரன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான், பிடித்து ஆட்டினானா, நண்பர்கள் முன்னால் பிடித்த மாதிரி ஆட்டினானா, தெரியாது. சுருட்டை முடி மட்டும் அசையவில்லை. முடிந்ததும் "அந்த அமைதியான பாட்டுல அவ்வளவு நேரம் அடக்கி வச்சிருந்தது இதுதாண்ணே" என்றான். பத்தொன்பது வயசுப் பையன். அதைவிட நல்ல விமர்சனத்தை நான் இன்றுவரை எங்கும் படிக்கவில்லை, மன்னிக்கவும், உங்கள் இணைப்பில் உட்பட.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேசட்டில் அவர்கள் கேட்டது கோபேனின் சத்தம் மட்டுமில்லை, என் தப்பும் சேர்ந்தது. லெவல் ஏறிப் பதிந்த நாடா தாங்க முடியாமல் பிளந்து, இருந்த கரகரப்பு இரண்டு மடங்கு ஆகிவிட்டது. ஒரு வாரம் கழித்து சிடியை மறுபடி வாங்கி, லெவலை ஒழுங்காக வைத்து, இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு. அவன் வேண்டாம் என்றுவிட்டான். பழையதுதான் ஒரிஜினலாம்!

அதற்கப்புறம் இந்தச் சத்தம் எப்படி உண்டானது என்று கிடைத்ததை எல்லாம் படித்தேன். கட்டுரையாளர் ஏதோ விளையாட்டுக்குப் பண்ணியது போல எழுதிவிட்டதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1991 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸில் வான் நைஸ் பகுதியில் இருந்த சவுண்ட் சிட்டி ஸ்டுடியோ. தயாரிப்பாளர் புட்ச் விக். அன்றைக்குப் பதிய வேண்டியது 'லித்தியம்'. அடக்கி வாசிக்கிற இடமும் வெடிக்கிற இடமும் மாறி மாறி வருகிற பாட்டு அது, வேகம் பிடிபடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப வாசித்தும் அமையவில்லை. கோபேனுக்குப் பொறுமை போய்விட்டது. பாட்டை விட்டுவிட்டு அந்த எரிச்சலிலேயே வேறொன்றை அடிக்க ஆரம்பித்தார், மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். விக் நாடாவை நிறுத்தவில்லை. முடிவில் கோபேன் கிதாரைப் போட்டு உடைத்தார். நான் கேட்ட மரம் முறிகிற சத்தம் அதுதான். உடைந்தது இடக்கைக் கிதார், அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. அப்புறம் 'லித்தியம்' பாட்டை டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோலின் காதில் கிளிக் டிராக் கொடுத்து, அந்த டிக் டிக் கணக்குக்கு வாசிக்க வைத்துத்தான் பதிந்தார்கள்.

ஆகவே கட்டுரையாளர் புகழ்ந்து தள்ளியிருக்கும் 'லித்தியம்' பாட்டும் அவர் குப்பை என்று ஒதுக்கிய இந்தச் சத்தமும் ஒரே முயற்சியில் பிறந்தவை. மூத்தது இது.

இதற்கு முன்னால் வருகிற மெல்லிய பாட்டின் கதையும் கேட்கத் தக்கது. குழுவாக வாசித்துப் பார்த்து 'சம்திங் இன் தி வே' சரிவரவில்லை. கோபேன் கண்ட்ரோல் ரூம் சோபாவில் படுத்துக்கொண்டு, ஐந்தே கம்பி இருந்த பழைய கிதாரில் "இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று முணுமுணுத்துக் காட்டினார். விக் உடனே போனையும் ஃபேனையும் நிறுத்தி, கதவைச் சாத்தி, அங்கேயே மைக்கை வைத்துப் பதிந்துவிட்டார். கிதார் எந்த சுருதியிலும் ஒழுங்காக நிற்கவில்லை. பிறகு செலோ வாசிக்க வந்தவர் அந்தக் கிதாரோடு சுருதி சேர்க்கப் பட்ட பாடு பெரும்பாடு. அபசுரம் அபசுரம் என்கிறாரே கட்டுரையாளர், அவர் "உருக்கமான இறுதிப் பாடல்" என்று பாராட்டியதிலும் அது இருக்கிறது, சாதுவாக இருப்பதால் தெரியவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் சுமார் 10 நிமிடம் ஒன்றும் இல்லை. சிடியில் 13 நிமிடம் 51 விநாடி வாக்கில் சத்தம் ஆரம்பிக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆல்பத்தை மாஸ்டரிங் செய்தவர், அதாவது அச்சுக்குப் போகும் கடைசி நாடாவைத் தயார் செய்தவர், ஹோவி வைன்பெர்க், அந்தத் தொழிலில் பெரிய கை. கடைசியில் இதைச் சேர்க்கச் சொன்னது வாய்வார்த்தையாக இருந்ததாலோ என்னவோ, அவர் சேர்க்கவில்லை. 1991 செப்டம்பர் 24 அன்று ஆல்பம் வெளியானபோது, முதலில் அச்சான பல ஆயிரம் பிரதிகளில் இது கிடையாது. கோபேன் தன் பிரதியைப் போட்டுப் பார்த்து, காணவில்லை என்றதும் போன் பண்ணிச் சண்டை போட்டிருக்கிறார். அடுத்தடுத்த அச்சில்தான் சேர்ந்தது. இன்றைக்கு அந்த முதல் அச்சைத் தேடி வாங்குகிறார்கள், சத்தம் இல்லாதது என்பதற்காகவே.

இதைப் படித்தபோது கடையில் நிறுத்தும் பொத்தானுக்குப் போன என் விரல் ஞாபகம் வந்தது. அமெரிக்க நிபுணர் தவறவிட்டதும், தெப்பக்குளம் கேசட் கடைக்காரன் தவறவிடப் பார்த்ததும் ஒன்றேதான். பாட்டு முடிந்தால் நாடாவை வெட்ட வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேர் கையிலும் ஊறிப்போன புத்தி. அவரைக் கூப்பிட பாய் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏமாற்று வேலை என்பவர்களுக்கு இன்னொரு சேதி. ஆல்பம் வருவதற்கு மூன்று வாரம் முன்னால், 1991 செப்டம்பர் 3, லண்டனில் பிபிசி வானொலியின் ஜான் பீல் நிகழ்ச்சிக்கு நிர்வாணா மூன்று பாட்டு பதிந்தார்கள். 'டம்ப்', 'டிரெய்ன் யூ', மூன்றாவது 'எண்ட்லெஸ், நேம்லெஸ்'. நாடு முழுக்கக் கேட்கிற வானொலிக்குக் கிடைத்த மூன்று இடத்தில் ஒன்றைக் குப்பைக்கு எவன் கொடுப்பான்? அக்டோபர் 31, சொந்த மாகாணத்தில், சியாட்டில் பாரமௌண்ட் அரங்கில் பெருங்கூட்டத்துக்கு முன் நிகழ்ச்சியை முடித்ததும் இதை வைத்துத்தான். அதன் படப்பதிவு வந்திருக்கிறது, பார்க்கலாம். 1992-ல் 'கம் ஆஸ் யூ ஆர்' தனி சிடியில் இதையும் சேர்த்து, பெயர் போட்டே விற்றார்கள். அடுத்த ஆல்பமான 'இன் யூட்ரோ'விலும் அமெரிக்காவுக்கு வெளியே விற்ற சிடியில் ஒன்றை இதே மாதிரி ஒளித்து வைத்தார்கள், 1993 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் பதிந்தது. மதிப்பிழந்த அமெரிக்க டாலர் காரணமாக, வாங்கத் தூண்டும் பாட்டு என்கிற பாணியில் உறையில் கிண்டலாக ஒரு வரி வேறு. அதை வேண்டுமானால் விளையாட்டு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அது எனக்கும் பெரிதாக ஒட்டவில்லை.

இந்தச் சத்தம் பற்றிப் பேச எனக்கு இன்னொரு தகுதியும் உண்டு. கேசட் காலம் முடிந்ததும் மைக் செட், ஒலி அமைப்பு என்று இறங்கி இருபத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டேன். கல்யாணம், கோயில் திருவிழா, பட்டிமன்றம், கட்சிக் கூட்டம். எங்கள் தொழிலில் பரம எதிரி ஒன்றுதான்: மைக் ஊளையிடுவது. ஸ்பீக்கரில் வருகிற சத்தத்தை மைக் மறுபடி வாங்கி, ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து, அது இன்னும் பெரிதாக வந்து, அதை மறுபடி மைக் வாங்கி, ஒரு விநாடிக்குள் "கூஊஊ" என்று கூட்டமே காதைப் பொத்தும். ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் தாய்மாமா மைக்கோடு ஸ்பீக்கர் முன்னால் போய் நின்று பேசினார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன், கும்பிடுகிறேன் என்று நினைத்து அவரும் கும்பிட்டார். மூன்று தடவை ஊளை. வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

எலெக்ட்ரிக் கிதாரிலும் நடப்பது இதேதான். கம்பியின் அதிர்வைப் பிக்கப் வாங்கி ஆம்ப்புக்குத் தருகிறது, ஸ்பீக்கரின் சத்தம் திரும்பி வந்து அதே கம்பியை உலுக்குகிறது. விரல் படாமலே கம்பி பாடும். எந்த சுரம் பாடும் என்பது ஆள் எவ்வளவு தள்ளி நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதைப் பொறுத்தது. ஓரடி முன்னால் வந்தால் வேறு சுரம். ஒன்றுக்கொன்று லேசாக விலகின இரண்டு சுரம் சேர்ந்து ஒலித்தால் காதுக்குள் ஒரு அலை அடிக்கும். ஒன்று விநாடிக்கு 220 அதிர்வு, இன்னொன்று 223 என்றால் விநாடிக்கு மூன்று தடவை ஏறி இறங்கும். சுருதி சரியாகச் சேராத இரண்டு நாகஸ்வரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊதினால் பல் கூசுமே, அதுதான். நாங்கள் அலறியடித்து அணைக்கிற அந்த ஊளையை, கையில் பிடித்து வளைத்து, ஆறு நிமிடம் 43 விநாடிக்கு, அடியில் ஒரு தாளத்தையும் வைத்து, ஒருவன் ஓட்டியிருக்கிறான். எனக்கு அது இனிமையாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யார் வேண்டுமானாலும் பண்ணலாம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். தாய்மாமாவிடம் போய்ச் சொல்லுங்கள்.

சரி, மௌனத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையாளர் ஆல்பத்தைக் கைபேசியில் கேட்டிருப்பார் என்பது என் ஊகம். ஏனென்றால் "கடைசிப் பாடல் முடிந்ததும் உடனே தொடங்கும் இரைச்சல்" என்று எழுதியிருக்கிறார். உடனே தொடங்காது ஐயா! என் மகளும் போன மாதம் கைபேசியில் போட்டுக் காட்டினாள். அங்கே அதை வெட்டித் தனியாக எடுத்து, 13-வது பாட்டு என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார்கள். மெல்லிய பாட்டு முடிந்த கையோடு இது வந்துவிடுகிறது. பத்து நிமிடம் போயே போச்சு. வைன்பெர்க் சத்தத்தைத் தவறவிட்டார், இவர்கள் சத்தத்தை வைத்துக்கொண்டு மௌனத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். தவறவிட்டவரை மன்னிக்கலாம், கோபேன் கேட்டதும் திருத்திவிட்டார்.

மகள் அன்றைக்குக் கேட்டுவிட்டு, "இதுக்காப்பா இவ்வளவு பில்டப்பு? சும்மா ஜாம் பண்ணியிருக்காங்க" என்று சொல்லிக் கைபேசியை வைத்துவிட்டாள். அதில் ஒன்றும் தப்பில்லை, அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

போன வாரம் உங்கள் கட்டுரை வந்த அன்றைக்கு ராத்திரி, மகளும் மருமகனும் சாப்பிட வந்திருந்தார்கள். பரணிலிருந்து டெக்கை இறக்கினேன். பெல்ட் மாற்றி மாற்றி அதை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறேன். ஒழுங்கான லெவலில் எடுத்த என் பிரதியின் பி பக்கத்தைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டேன். நாலு பாட்டும் ஓடின. கடைசிப் பாட்டு அடங்கியதும் கேசட் முடிந்துவிட்டதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். மருமகன் மனை விலை பற்றிப் பேசினார். என் மனைவி அப்பளம் பொரித்துக்கொண்டுவந்தாள். அந்தப் பேச்செல்லாம் ஓய்ந்து, நாலு பேரும் குனிந்து சாப்பிடுகிற ஒரு நேரம் வந்தது, தட்டில் விரல் படுகிற சத்தம் மட்டும். மகள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ரசம் சோற்றில் விழவில்லை. மருமகனின் வேட்டியில் விழுந்தது. மனைவி டெக்கைப் பார்த்து ஒரு தடவை, என்னைப் பார்த்து ஒரு தடவை முறைத்தாள். மாடி வீட்டு ஜன்னல் திறந்தது. மகள் கரண்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றவள், நிறுத்தச் சொல்லுவாள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. கிதார் உடைகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, "அப்பா, இது அன்னைக்குக் கேட்டது இல்லையே" என்றாள். அதேதான் என்றேன். நம்பாமல் கைபேசியை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை.

கட்டுரையாளருக்கு இது பிடித்துத்தான் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து ஓடினானே, அவனும் கேட்டவன்தான். ஆனால் அவன் அந்த மௌனத்தை முழுசாகக் கேட்டுவிட்டு ஓடினான். உடனே தொடங்கும் என்று எழுதியதை மட்டும் அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு வரியில் திருத்திவிட்டால் போதும். அவருக்கு நேரம் இருந்தால் உறையூர்ப் பக்கம் வரச் சொல்லுங்கள். கேசட்டைப் போட்டுக் காட்டுகிறேன், 20 நிமிடம் 35 விநாடி ஆகும். நடுவில் டீ தர முடியாது, டம்ளர் வைக்கிற சத்தம் கெடுத்துவிடும். முடிந்ததும் தருகிறேன்.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் கடைக்காரன்,
உறையூர், திருச்சி.